அழுதுகொண்டே எழுதியது

காலை பத்து மணி ஆனதும் அந்த மூன்றாம் மாடி அலுவலகத்தில் ஆறு பேர் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஒரே வாக்கியத்தைச் சொல்லத் தொடங்குவார்கள். "வணக்கம், பயிற்சி மையத்துலேருந்து பேசறேன். ரெண்டு நிமிஷம் பேசலாமா?" வாக்கியம் ஒன்றுதான். ஆனால் ஜன்னலோர மேசைக்காரி அதைச் சொன்னால் மட்டும் யாரும் போனை வைப்பதில்லை. ஒன்பது வருஷம் ஒரு பல் மருத்துவரின் வரவேற்பறையில் இருந்து, பயந்து வியர்த்தவர்களை எல்லாம் பேசியே நாற்காலியில் உட்கார வைத்த குரல் அது. அலுவலகத்தில் அவளுக்குத் தேன்குரல் என்றே பெயர் விழுந்துவிட்டது. பக்கத்து மேசைக் கண்ணாடிக்காரி, "உன் பேச்சுக்குக் கல்லும் கரையும்டி, ஆனா கையெழுத்துப் போட்டுட்டுத்தான் கரையும்" என்பாள்.

மனிதர்களுக்குத் தன்னம்பிக்கையும் மன நிம்மதியும் தருவதாக அந்த மையம் சொல்லிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு நாள் வகுப்பு, இலவசம். அதில் மனம் இளகியவர்கள் அடுத்த சனிக்கிழமை பத்து நாள் முகாமுக்குக் கிளம்புவார்கள். அது இலவசம் இல்லை. வகுப்புக்குப் பதிவு செய்தவர்களிடம் முன்கூட்டியே பேசுவதுதான் தேன்குரலின் வேலை. ஆளுக்கு ஓர் அட்டை. பெயரும் வயதும் தொழிலும் மேலே. அடியில் ஒரு கட்டம். அதை அலுவலகத்துக்குள் 'ஈர இடம்' என்பார்கள். ஈரமான சுவரில் ஆணி சுலபமாக இறங்கும் என்று மையத்தை நடத்தும் பயிற்சியாளர் விளக்கம் சொல்லியிருந்தார்.

ஈர இடத்தைக் கண்டுபிடிக்க முறை இருந்தது. இரண்டாவது நிமிஷத்துக்குள் அண்ணா, அக்கா என்று உறவு வைத்துவிட வேண்டும். "ஆமா" என்று மூன்று தடவையாவது சொல்ல வைக்கும் கேள்விகளாகப் பார்த்துக் கேட்க வேண்டும். பிறகு, யாரிடமும் சொல்லாத பாரம் ஏதாவது உண்டா என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். மௌனத்தைத் தாங்க முடியாமல் மனிதர்கள் அவர்களாகவே சொல்லிவிடுவார்கள். மருத்துவர்கூட நோயாளியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டுதானே மருந்து தருகிறார் என்பது பயிற்சியாளரின் வாதம். தேன்குரல் அதை நம்பினாள். அந்த அட்டைகள் வகுப்பு நடக்கும் அரங்கத்துக்குள் போய் என்ன ஆகின்றன என்று அவள் விசாரித்ததில்லை. தெரியாது என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு மட்டும் தெரிந்து வைத்திருந்தாள்.

ஒரு புதன்கிழமை அவளுடைய நான்காவது அழைப்பு ஒரு லிப்ட் மெக்கானிக்குக்குப் போனது. வயது ஐம்பத்துநாலு. மேடையில் பேசவோ பெரிய ஆளாகவோ தனக்கு ஆசையில்லை, இரண்டு வருஷமாகத் தூக்கம் வரவில்லை, நோட்டீஸில் மன நிம்மதி என்று போட்டிருந்ததால் பதிவு செய்தேன் என்றார். அவள் அண்ணா என்றாள். மூன்று ஆமாம் வாங்கினாள். அந்தக் கேள்வியைக் கேட்டாள். பிறகு காத்திருந்தாள்.

மறுமுனையில் எங்கோ சுத்தியல் தட்டும் ஓசை கேட்டது. அப்புறம் அவர் சொன்னார். மனைவி இறந்த அன்று காலையில் இருவருக்கும் சண்டை. உப்புப் பெறாத விஷயம். கோபத்தோடு வேலைக்குப் போய் லிப்ட் கூண்டின் மேல் நின்று கம்பிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கும்போது மனைவி கூப்பிட்டாள். ஒரு தடவை இல்லை, ஏழு தடவை.

"போன் கீழ பையில இருந்துச்சுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். என் பொண்ணுகிட்டயும் அப்படித்தான். பொய்ம்மா. சட்டைப் பாக்கெட்டுலதான் இருந்துச்சு. எடுத்து அவ பேரைப் பாத்துட்டு, கூப்பிடட்டும்னு திரும்ப உள்ள போட்டேன். எட்டாவது தடவை அடிக்கவே இல்ல."

நெஞ்சு வலி வந்து சமையலறையில் விழுந்து கிடந்தாளாம். இதை முதல் முதலாக உங்களிடம்தான் சொல்கிறேன் என்றார்.

தேன்குரலின் கண்கள் நிறைந்துவிட்டன. பேச வாயெடுத்தாள், தொண்டை கட்டி இருமல்தான் வந்தது. அவள் அழுவது அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். அவரே அவளைத் தேற்றினார். நாள் பூரா பேசுகிற தொண்டை, வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளியுங்கள் என்று சொன்னார். அவள் இடது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வலது கை தன் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருந்தது. 'மனைவி. ஏழு அழைப்பு. போன் பாக்கெட்டில். வேண்டுமென்றே எடுக்கவில்லை. மகளுக்குத் தெரியாது.'

அந்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் பதிவு பார்க்கிற பெண்ணுக்கு உடம்பு சரியில்லை. அதனால் தேன்குரலை அனுப்பினார்கள். பதினாலு மாத வேலையில் அன்றுதான் அவள் அரங்கத்தின் உள்ளே நின்றாள்.

ஜன்னல்களுக்குக் கனத்த திரை. சுவரில் கடிகாரம் இல்லை. வந்தவர்களின் கைக்கடிகாரங்களும் போன்களும் ஒரு கூடையில் வாங்கி வைக்கப்பட்டன. சாப்பாட்டு நேரம் தள்ளிக்கொண்டே போனது. பசியும் பாட்டுச் சத்தமும் கைதட்டலுமாக நூறு பேர் கிறங்கிப்போயிருந்த வேளையில் பயிற்சியாளர் விளக்குகளைக் குறைக்கச் சொன்னார். நெற்றியில் விரலை வைத்துக் கண்ணை மூடினார்.

"இந்த அறையில ஒருத்தர் இருக்கார். ஒரு குரல் அவரை ஏழு தடவை கூப்பிட்டுச்சு. அவருக்குக் கேட்டுச்சு. கேட்டும் எடுக்கல." சற்று நிறுத்தினார். "அந்தக் குரல் இப்ப எங்கிட்ட பேசுது. உங்களை மன்னிச்சிட்டேன்னு சொல்லுது. எழுந்திருங்க."

கடைசிக்கு முந்தின வரிசையில் ஒரு குள்ளமான மனிதர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நிற்க முடியாமல் அப்படியே மண்டியிட்டு விம்மினார். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் அழுதார்கள். கதவோரம் நின்ற தேன்குரலுக்கு அந்த அட்டை நினைவுக்கு வந்தது. மேடையில் பேசிய வார்த்தைகளில் பாதி அவளுடைய கையெழுத்தில் இருந்தவை.

அதன் பிறகு பயிற்சியாளர் எச்சரிக்கை ஒன்று சொன்னார். "முகாமுக்குப் போகாதேன்னு சொல்ற முதல் குரல் உங்க வீட்டுக்குள்ளேருந்துதான் வரும். ரொம்பப் பாசமா வரும். அதைத் தாண்டுறவங்கதான் ஜெயிப்பாங்க." இதைச் சொல்லிவிட்டுத்தான் முகாம் படிவங்களைக் கொடுக்கச் சொன்னார்.

திங்கள்கிழமை லிப்ட் மெக்கானிக் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். முகாமுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, போனில் பேசிய அந்த அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். நகக்கண்களில் போகாத எண்ணெய்க் கறை, துவைத்துத் தேய்த்த சட்டை. முகம் மட்டும் நன்றாகத் தூங்கி எழுந்தவர் முகமாக இருந்தது. ஒரு சின்னப் பொட்டலத்தை நீட்டினார். தொண்டை மாத்திரை.

"அன்னைக்கு இருமினீங்களே, அதான். அப்புறம் ஒண்ணு கேக்கணும்மா. நான் அதை உங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன். நீங்க வெளிய சொல்லியிருக்க மாட்டீங்க, அது எனக்குத் தெரியும். அப்ப அவதானே வந்து சொல்லியிருக்கா?"

தேன்குரல் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மௌனமாக இருந்து காரியம் சாதிக்க அவளைப் பழக்கியிருந்தார்கள். அந்தப் பழக்கம் அப்போதும் கைகொடுத்தது. அவர் கும்பிட்டுவிட்டு நிம்மதியாகப் படியிறங்கிப் போனார். தண்ணீர் குடிக்கப் போவதுபோல் எழுந்து போய்க் கழுவும் தொட்டியருகே வெகுநேரம் நின்றாள் அவள். இதுவரை அவளுக்கு யாரும் தொண்டை மாத்திரை வாங்கித் தந்ததில்லை. அந்தச் சின்னப் பொட்டலம் கல்லாய்க் கனத்தது.

செவ்வாய்க்கிழமை அவருடைய மகள் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். குரலில் மூச்சு வாங்கியது. நிறைமாதம். கணவன் கப்பலில் வேலை, வர இன்னும் இரண்டு மாதம் ஆகும். அப்பா முகாமுக்குப் போகிற பத்து நாளுக்குள்தான் பிரசவத்துக்குத் தேதி கொடுத்திருந்தார்கள்.

"முகாம்ல போனை வாங்கி வச்சிடுவாங்களாமே அக்கா? எங்கப்பாகிட்ட மட்டும் விட்டுவைக்க முடியாதா? அம்மா போனதுலேருந்து நான் கூப்பிட்டா முதல் ரிங் முடியறதுக்குள்ள எடுத்துடுவார். குளிச்சிட்டு இருந்தாலும் எடுப்பார், சோப்பு நுரையோட பேசுவார். எனக்கு வேற யாரும் இல்ல."

அடுத்த முகாமுக்குப் போகட்டுமே என்று அப்பாவிடம் கெஞ்சினாளாம். அதற்கு அவர், 'நீ இப்படிச் சொல்வேன்னு அங்கேயே சொல்லிட்டாங்கம்மா' என்று அவள் தலையைத் தடவிவிட்டுப் பெட்டியைக் கட்டத் தொடங்கிவிட்டாராம். அவர் கோபப்பட்டிருந்தால்கூடப் பயந்திருக்க மாட்டேன், சிரித்ததுதான் பயமாக இருக்கிறது என்றாள்.

தேன்குரல் நேராகப் பயிற்சியாளரின் அறைக்குப் போனாள். அவர் கெட்டவர் போலப் பேசுகிறவர் இல்லை. அவளை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். முகாமின் விதியை ஒருவருக்காக மாற்றினால் எல்லோருக்கும் மாற்ற வேண்டிவரும் என்றார். மகளுக்கு ஆஸ்பத்திரி இருக்கிறது, செவிலியர்கள் இருக்கிறார்கள். "இரண்டு வருஷமா தூங்காத மனுஷன் இன்னைக்குத் தூங்கறார். அதைக் குடுத்தது யாரு? நாம. அந்தப் பொண்ணுகிட்ட உங்க குரல்ல ரெண்டு வார்த்தை பேசுங்க, அடங்கிடுவா."

நோயாளி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன் என்பதை மருத்துவர் மறைப்பதில்லையே, கேட்டதைத் தெய்வ வாக்காகத் திருப்பிச் சொல்வதில்லையே என்று நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. சரி சார் என்று தலையாட்டிவிட்டு வந்தாள். மேசையில் உட்கார்ந்து மகளின் எண்ணை அழுத்தினாள். அந்தக் குரலில் பேசவும் செய்தாள். அப்பாவின் நன்மைக்காகத்தான், பத்து நாள் பல்லைக் கடித்துக்கொள் என்று இதமாகச் சொன்னாள். அந்தப் பெண், "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் அக்கா" என்றாள்.

கண்ணாடிக்காரி எட்டிப் பார்த்து, "என்னடி, இன்னொரு கல்லும் கரைஞ்சுதா?" என்றாள். வழக்கமாக இதற்குச் சிரிக்கிற தேன்குரல் அன்று ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

வீட்டில் விளக்கு வைத்ததும் ஐந்து நிமிஷம் கண்ணை மூடிப் பிரார்த்தனை செய்வது அவளுடைய நெடுநாள் வழக்கம். கணவனிடம் சொல்ல முடியாததையும் அங்கே சொல்வாள். அன்றும் உட்கார்ந்தாள். 'கடவுளே' என்று தொடங்கியதும் ஒரு நினைப்பு வந்தது. இத்தனை வருஷமாகத் தான் சொன்னதை எல்லாம் எதிர்ப்பக்கத்தில் ஒருவர் குறித்து வைத்துக்கொண்டு, ஒரு நாள் நூறு பேர் நடுவில் படித்துக் காட்டினால்? உலகத்தில் அத்தனை பேருடைய பேச்சும் கடவுள் காதுக்குப் போகிறது. ஒருவர் சொன்னதை அவர் இன்னொருவரிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டதில்லை. அதனால்தான் அவரிடம் சொல்லத் துணிகிறோம். அப்படிப்பட்டவர் இடத்தையும் செத்துப்போன ஒருத்தியின் குரலையும் சேர்த்து அல்லவா தன் கையெழுத்து திருடியிருக்கிறது என்று அவளுக்கு உறைத்தது. அதற்குமேல் பிரார்த்தனை ஓடவில்லை.

ஒரு யோசனை மட்டும் அவளைப் பின்னுக்கு இழுத்தது. மனைவி மன்னித்துவிட்டாள் என்று நம்பி அந்த மனிதர் தூங்குகிறார். உண்மையைச் சொன்னால் அந்தத் தூக்கம் போய்விடும். சொல்லாவிட்டால் மகள் தனியாக வலியில் கிடந்து கூப்பிடும்போது மறுபடி ஒரு போன் அடித்துக்கொண்டே இருக்கும். இம்முறை பூட்டிய பெட்டிக்குள்.

மறுநாள் மதியம் அவள் விடுப்புச் சொல்லிவிட்டு அவர் வேலை செய்யும் இடத்தைக் கேட்டறிந்து போனாள். அது ஐந்து மாடிக் கட்டடம். லிப்ட் பழுது என்று வாசலில் அட்டை தொங்கியது. படியேறிப் போனாள். மேல் மாடியில் லிப்ட் கதவைத் திறந்துவைத்து, கருவிப் பையைப் பக்கத்தில் பரப்பிக்கொண்டு அவர் ஒரு திருகைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து, உட்காரத் தன் மர முக்காலியைத் தள்ளிவைத்தார். அவள் உட்காரவில்லை. அண்ணா என்று கூப்பிடவும் அவளுக்கு வாய் வரவில்லை.

"ஐயா, உங்க மனைவி பேசல. பேசினது நான் எழுதின அட்டை. நீங்க போன்ல சொன்னதை அப்படியே எழுதிக் குடுத்தேன். அதைத்தான் அவர் மேடையில சொன்னார்."

அவருக்கு முதலில் புரியவில்லை. அவள் எல்லாவற்றையும் சொன்னாள்: ஈர இடம், மூன்று ஆமாம், அண்ணா என்று கூப்பிடச் சொன்ன கணக்கு, மகள் தடுப்பாள் என்று முன்கூட்டியே சொல்லிவைத்த தந்திரம், அந்த மகளையே தான் பேசி அடக்கியது வரைக்கும். சொல்லச் சொல்ல அவர் முகத்தில் மூன்று நாளாக இருந்த வெளிச்சம் வடிந்துபோனது. முக்காலியில் அவரே உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப அவ என்னை மன்னிக்கல?"

"அது எனக்குத் தெரியாதுங்க ஐயா. எங்க யாருக்கும் தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொன்னதுதான் தப்பு."

"மூணு ராத்திரி தூங்கினேன்மா." அவர் குரல் உடைந்தது. "அதையும் எடுத்துக்கிட்டீங்க. போயிடுங்க."

அவள் கும்பிட்டுவிட்டுத் திரும்பினாள். இரண்டு மாடி இறங்கியிருப்பாள். மேலேயிருந்து கைப்பிடிச் சுவர் வழியாக அவர் கூப்பிட்டார். அவள் நின்ற இடத்திலேயே அண்ணாந்து பார்த்தாள்.

"ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போங்க. அன்னைக்கு போன்ல அழுதீங்களே. அதுவும் கத்துக்குடுத்ததா?"

"இல்லீங்க. அது நெசம்." அவள் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டாள். "ஆனா அழுதுகிட்டேதான் எழுதினேன்."

கைப்பிடிச் சுவரிலிருந்து அவர் தலை மறைந்தது. உள்ளே போய்விட்டார் என்றுதான் நினைத்தாள். மேலே ஏதோ இரும்பு இரும்போடு உரசியது, மோட்டார் உறுமியது. சிறிது நேரத்தில் அவள் நின்ற மாடியில் லிப்ட் வந்து நின்றது. கதவை உள்ளிருந்து கையால் விலக்கி, தரையும் கூண்டும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று காலால் தடவிப் பார்த்தார் அவர்.

"அஞ்சு மாடி ஏறி வந்திருக்கீங்க. சரியாயிடுச்சு, ஏறுங்க."

அவள் தயங்கினாள். அவர் காத்துக்கொண்டே நின்றதால் ஏறினாள். இருவரும் கதவைப் பார்த்தபடி நின்றார்கள். ஒவ்வொரு மாடியிலும் அவர் நிறுத்தி, மட்டம் பார்த்து, மறுபடி இறக்கினார். இரண்டாம் மாடியில் நிறுத்தியபோது, சனிக்கிழமை தான் கிளம்பப் போவதில்லை என்றார். போன் பாக்கெட்டில் இருந்த உண்மையை மகளிடம் சொல்ல வேண்டியவர் தாமே என்றும், நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். பொண்ணு திட்டுவாள், பேசாமல்கூட இருப்பாள்; ஆனால் அவள் மன்னித்தால் அது அவள் வாயிலிருந்தே வரும், இன்னொருத்தர் வாயிலிருந்து வராது என்றார்.

"ஐயா, உங்களைப் போல இன்னும் நாப்பத்தொரு பேர் முகாமுக்குப் பேர் குடுத்திருக்காங்க," என்றாள் அவள். "இன்னைக்கே ஒவ்வொருத்தரா கூப்பிட்டுச் சொல்லப்போறேன். ஆபீஸ் போன்லயே பேசுவேன். புடுங்கற வரைக்கும்."

"வேலை போயிடுமே."

"போகட்டும்."

"கண்டபடி திட்டுவாங்க."

"நீங்க திட்டாம விட்டதுதான் தாங்க முடியல. அவங்க திட்டினா கொஞ்சம் லேசாகும்."

முதல் தடவையாக அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. லிப்ட் தரைத்தளத்தில் வந்து நின்றது. கதவைத் திறந்துவிட்டு, அவள் இறங்குவதற்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.

"உங்க குரலைக் குத்தம் சொல்ல மாட்டேன்மா. எனக்குச் சொல்றதுக்கு ஒரு ஆள் வேண்டியிருந்துச்சு, நீங்க கேட்டீங்க. அதுவரைக்கும் அது தர்மம். ஒரு மனுஷன் நம்பி மனசைத் திறந்துட்டான்னா, கேட்டவங்க அதுக்குக் காவல் இருக்கணும். அவன் வலியையே கயிறாத் திரிச்சு அவனை இழுத்துட்டுப் போறவங்க, என்ன நல்லது செய்யறதாச் சொன்னாலும், அது திருட்டுத்தாம்மா."

அவள் தலையைக் குனிந்து அதை வாங்கிக்கொண்டாள். வாசலுக்கு வந்தபோது மணி மூன்று. ஆறு மணிக்கு அலுவலகத்தைப் பூட்டுவார்கள். அதற்குள் எத்தனை பேரிடம் சொல்ல முடியுமோ அத்தனை பேரிடம் சொல்ல வேண்டும் என்று, வெயிலைப் பாராமல் அவள் ஓட்டமும் நடையுமாகப் போனாள்.